ஹால் சுவருக்கு பீஜ்: கார்டை அப்புறம் பாருங்கள், முதலில் தரையைப் பாருங்கள்

ஹால் சுவருக்கு பீஜ் என்ற வெளிர் பழுப்பு நிறம் அடிக்கலாம் என்று முடிவு செய்தவுடன் எல்லோரும் நேரே பெயிண்ட் கடைக்குத்தான் போகிறோம். ஷேட் கார்டை விரித்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசமே தெரியாத கட்டங்கள் வரிசையாக இருக்கும், கடைக்காரர் "எல்லாமே லைட் கலர்தாங்க, எதை அடிச்சாலும் நல்லாத்தான் இருக்கும்" என்பார், கூட வந்தவர்கள் ஆளுக்கொரு கட்டத்தில் விரல் வைப்பார்கள், கடைசியில் எது நன்றாக விற்கிறதோ அதை வாங்கிக்கொண்டு வந்து அடித்துவிடுகிறோம். மறுநாள் பார்த்தால் சுவர் லேசான ரோஸாக நிற்கும். அல்லது பழைய வெள்ளை அழுக்கேறிப் போனது போலத் தெரியும். அல்லது பகலெல்லாம் நன்றாக இருந்துவிட்டு, சாயங்காலம் டியூப்லைட் போட்டதும் பச்சை தட்டும்.

பெயிண்டரைக் கேட்டால் "ரெண்டாவது கோட் காயட்டும் சார், சரியாயிடும்" என்பார். காய்ந்தாலும் சரியாகாது. பீஜில் நிறம் என்று இருப்பது மிகக் கொஞ்சம். அடர்ந்த நீலமோ சிவப்போ எந்த அறையில் அடித்தாலும் கிட்டத்தட்ட அதுவாகவே தெரியும், பீஜ் அப்படி இல்லை. பக்கத்தில் எது கிடக்கிறதோ, எந்த வெளிச்சம் மேலே விழுகிறதோ, அதன் நிறம் இதன் மேல் ஏறிக்கொள்ளும். காவிரிப் படுகையில் நம் வீடுகளில் இப்படி ஏறிக்கொள்ள நிறைய இருக்கிறது: சிவப்பு சிமெண்ட் தரை, முற்றத்திலிருந்து வரும் வெளிச்சம், ஜன்னலுக்கு வெளியே வயலும் வாழைக்கொல்லையும், ராத்திரிக்கு வெள்ளை வெளேரென்ற டியூப்லைட். அதனால்தான் கார்டுக்கு முன்னால் வீட்டைப் பார்க்கச் சொல்கிறேன். முதல் முறையாகப் பெயிண்ட் தேர்ந்தெடுப்பவர்களை நினைத்து, அடிப்படையிலிருந்தே எழுதுகிறேன்.

பீஜுக்குள் என்ன இருக்கிறது

கடையில் டின்டிங் மெஷின் ஓடும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளை பேஸ் டப்பாவைத் திறந்து கீழே வைத்து, ஷேட் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டியதும் மேலிருந்து மெல்லிய தாரையாகச் சாயங்கள் விழும். பீஜ் என்றால் பெரும்பாலும் மஞ்சள் ஆக்சைடு, சிவப்பு ஆக்சைடு, கறுப்பு ஆகிய மூன்றும்தான். இவை மூன்றும் சேர்ந்தால் பழுப்பு வரும், அந்தப் பழுப்பு ஒரு டப்பா வெள்ளையில் கரைந்து போனால் பீஜ். மூன்றில் எது கொஞ்சம் கூடுகிறதோ அந்தப் பக்கம் நிறம் சாயும். இந்தச் சாய்வை அடிச்சாயல் என்று வைத்துக்கொள்வோம். பீஜ் தேர்ந்தெடுப்பதில் பாதி வேலை இதைக் கண்டுபிடிப்பதுதான்.

மஞ்சள் கூடினால் நம் பக்கத்தில் சந்தனக் கலர் என்று சொல்லும் வகை வரும். சிவப்பு கூடினால் ரோஸ் தட்டும், இன்னும் கூடினால் பீச் ஆகிவிடும். கறுப்பு கூடினால் சாம்பல் பக்கம் போய், ஆற்று வண்டல் காய்ந்த நிறத்துக்கு வரும். நான்காவது ஒன்று இருக்கிறது, அதைப் பலரும் எதிர்பார்ப்பதில்லை: சிவப்பு குறைந்து மஞ்சளும் கறுப்பும் மட்டும் கூடினால் பச்சை தட்டும். மஞ்சளில் கறுப்பைக் கலந்தால் பாசிப் பச்சை வருவது சாயத்தின் இயல்பு. பச்சைச் சாயமே சேர்க்காத பெயிண்ட் சுவரில் பச்சையாகத் தெரிவதற்கு இதுவும் ஒரு காரணம்.

கார்டில் ஒரு கட்டத்தைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருந்தால் அடிச்சாயல் தெரியாது, ஏனென்றால் கண் சீக்கிரமே அதற்குப் பழகி "இதுவும் வெள்ளைதான்" என்று எடுத்துக்கொள்ளும். அதை உடைக்க இரண்டு வழி உண்டு. வெள்ளை ஏ4 தாள் ஒன்றைக் கையோடு கொண்டுபோய், பார்க்க வேண்டிய கட்டத்தை அதன் மேல் வையுங்கள், கூடவே வேறு இரண்டு பீஜ்களையும் வையுங்கள். தூய வெள்ளை பக்கத்தில் இருக்கும்போது ரோஸ் ரோஸாகவும் மஞ்சள் மஞ்சளாகவும் எழுந்து நிற்கும். இன்னொரு வழி இதைவிட நம்பகமானது. பல கார்டுகளில் ஒரே குடும்பத்து நிறங்கள் ஒரே பட்டையில் வெளுப்பிலிருந்து அடர்த்திவரை அடுக்கி இருக்கும். உங்களுக்குப் பிடித்த வெளிர் பீஜை விட்டுவிட்டு அந்தப் பட்டையில் மிக அடர்ந்த கட்டம் எது என்று பாருங்கள். அது செங்கல் நிறமாக இருந்தால் உங்கள் பீஜில் ரோஸ் இருக்கிறது, கடுகுப் பொடி நிறமாக இருந்தால் மஞ்சள், பாசி நிறமாக இருந்தால் பச்சை. வெளிர் கட்டம் மறைத்து வைத்திருப்பதை அடர்ந்த கட்டம் காட்டிக்கொடுத்துவிடும்.

அடிச்சாயல் பார்ப்பது நம் வீடுகளுக்குப் புதிய சங்கதி இல்லை. பொங்கலுக்கு முன்னால் வெள்ளை அடிக்கும்போது சுண்ணாம்புக் கரைசலில் கொஞ்சம் நீலம் கரைத்து ஊற்றுவார்கள் அல்லவா? சுண்ணாம்பில் லேசாக ஒரு மஞ்சள் இருக்கும், நீலம் அந்த மஞ்சளை அடக்கும், சுவர் இன்னும் வெள்ளையாகத் தெரியும். கூடிப்போனால் சுவரே நீலமாகிவிடும் என்பதால் அளவு தெரிந்த ஒருவர்தான் கலப்பார். ஒரு நிறத்தை அதற்கு எதிர் நிறம் அடக்கும் என்ற அந்தக் கணக்குதான் பீஜுக்கும். உங்கள் அறை சுவரை ரோஸ் பக்கம் தள்ளினால் ரோஸ் இல்லாத பீஜ் வேண்டும், பச்சைப் பக்கம் தள்ளினால் பச்சை இல்லாதது வேண்டும். அறை எந்தப் பக்கம் தள்ளுகிறது என்பதை எப்படித் தெரிந்துகொள்வது?

முதலில் தரை

சுவரை மாற்றலாம், திரையை மாற்றலாம், சோபாவைக்கூட மாற்றிவிடலாம். தரையை மாற்ற மாட்டோம். அதோடு ஹாலுக்குள் நுழையும் வெளிச்சத்தில் பெரும்பங்கு முதலில் தரையில் விழுந்து, அங்கிருந்துதான் சுவரில் ஏறுகிறது. அதனால் தரையின் நிறம் சுவரின் கீழ்ப்பகுதியில் எப்போதும் இருக்கும்.

கும்பகோணம், மயிலாடுதுறை, திருவாரூர் பக்கத்துப் பழைய வீடுகளில் இன்னும் சிவப்பு ஆக்சைடு போட்டுத் தேய்த்து வழவழப்பாக்கிய தரை இருக்கிறது. கால் வைத்தால் குளுமை, வருஷங்கள் ஆக ஆக மெருகு கூடும், தயவுசெய்து அதை உடைத்து டைல்ஸ் போடாதீர்கள். இந்தத் தரை உள்ள கூடத்தில் நண்பகலில் ஒரு வெள்ளை சார்ட் தாளைச் சுவரின் அடியில் சாய்த்து வைத்துப் பாருங்கள். தாளின் கீழ்ப்பாதி இளஞ்சிவப்பாகத் தெரியும். அந்தத் தாள் வெள்ளை, அது காட்டும் நிறம் தரையுடையது. இந்த அறையில் ரோஸ் சாயல் உள்ள பீஜ் அடித்தால் இரண்டு சிவப்பும் சேர்ந்துகொண்டு சுவர் பீச் நிறமாகிவிடும், பகல் முழுக்க அறை உஷ்ணமாகத் தோன்றும். இங்கே மஞ்சள் சாய்ந்ததும், அதில் மிக லேசாகப் பச்சை தட்டுவதுமான பீஜ்தான் என் தேர்வு. கார்டில் பார்க்கும்போது கொஞ்சம் மந்தமாக, உயிரில்லாமல் தெரியும், பலர் அதைத் தள்ளிவிடுவார்கள். சிவப்புத் தரைக்கு மேல் ஏறியதும் அதுவே சரியான பீஜாக நிற்கும்.

மொசைக் தரை இருந்தால் கவலை குறைவு. அதில் வெள்ளை, சாம்பல், பச்சை, செம்மண் நிறச் சில்லுகள் கலந்து கிடப்பதால் எந்த ஒரு நிறமும் ஆதிக்கம் செலுத்தாது. சில்லுகளில் வெளுப்பான ஒன்றின் நிறத்தை எடுத்துக்கொண்டு அதற்குப் பக்கத்தில் ஒரு பீஜைத் தேடினால் போதும்.

உண்மையான சிக்கல் புதிய வீடுகளின் பளபளக்கும் வெளிர் டைல்ஸில் இருக்கிறது. ஐவரி என்று சொல்லித்தான் விற்கிறார்கள், ஆனால் ஐவரியிலும் ரோஸ் சாய்ந்தது, மஞ்சள் சாய்ந்தது, சாம்பல் சாய்ந்தது என்று எல்லாம் இருக்கிறது. தரையும் சுவரும் இரண்டுமே வெளிர் நிறம் என்பதால், அடிச்சாயல் ஒத்துப்போகாவிட்டால் இரண்டில் ஒன்று அழுக்காகத் தெரியும், பெரும்பாலும் தரைதான் மாட்டிக்கொள்ளும். எத்தனை தடவை துடைத்தாலும் போகாத அழுக்கு அது. ஆகவே மிச்சம் இருக்கும் டைல் துண்டு ஒன்றை எடுத்துக்கொண்டு கடைக்குப் போங்கள், துண்டு இல்லாவிட்டால் கார்டை வீட்டுக்குக் கேட்டு வாங்கி வந்து தரையில் படுக்க வைத்துப் பாருங்கள். தரையும் சுவரும் ஒரே பக்கம் சாய்வதுதான் இங்கே பாதுகாப்பு. சிவப்புத் தரைக்கு எதிர்ப்பக்கம் போகச் சொன்னேனே என்றால், சிவப்பு அழுத்தமான நிறம், அதை அடக்க வேண்டியிருக்கிறது. ஐவரி மெல்லிய நிறம், அதோடு சேர்ந்து போனால்தான் நன்றாக இருக்கும்.

வெளிச்சம் எங்கிருந்து வருகிறது

வீட்டு அலங்காரம் பற்றி வெளிநாட்டில் எழுதியதைப் படித்தால் ஒரு விதி திரும்பத் திரும்ப வரும்: வடக்கு ஜன்னல் என்றால் குளிர்ந்த நீல வெளிச்சம், தெற்கு ஜன்னல் என்றால் இதமான வெயில். அது 40, 50 டிகிரி அட்சரேகையில் இருக்கிறவர்களுக்கு எழுதியது. தஞ்சாவூர் நிலநடுக்கோட்டிலிருந்து 11 டிகிரிகூட வடக்கே இல்லை. ஏப்ரல் மத்தியில் சூரியன் நம் தலைக்கு நேர் மேலே வந்து, அதற்கப்புறம் வடக்கே தாண்டிப் போய், ஆகஸ்ட் கடைசி வாக்கில்தான் மறுபடி தெற்கே திரும்புகிறது. சித்திரையிலிருந்து ஆவணி தொடங்கும்வரை காலையிலும் மாலையிலும் வடக்கு ஜன்னலில் சாய்ந்த வெயில் உள்ளே வரும். மார்கழியில் தெற்கு ஜன்னலில் நடுப்பகலிலும் வரும். ஆக வடக்கு, தெற்கு என்ற கணக்கு நமக்குப் பெரிய உதவி செய்யாது. கிழக்கு, மேற்குதான் முக்கியம், அதிலும் மேற்கு. மேற்குப் பார்த்த ஹாலில் மூன்று மணிக்கு மேல் வரும் வெயில் ஆரஞ்சாக இருக்கும், மஞ்சள் சாய்ந்த பீஜை அது பூசணிக்காய் நிறத்துக்குக் கொண்டுபோய்விடும். மேற்கு ஹாலுக்குச் சாம்பல் சாய்ந்த பீஜ் வையுங்கள். கிழக்கு ஹாலில் காலை எட்டு மணிவரை எதுவும் அழகாக இருக்கும், மீதிப் பகல் முழுக்க வெளிச்சம் கொஞ்சம் சோர்ந்திருக்கும், அதற்கு மஞ்சள் சாயல்தான் நல்லது.

ஆனால் பல வீடுகளில் திசையைவிட வீட்டின் அமைப்புதான் எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. அக்ரஹாரத் தெரு வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பக்கத்து வீட்டுச் சுவர், ஜன்னலுக்கு வழியே இல்லை, நீளமாகப் போகும் வீடு. திண்ணை, ரேழி தாண்டிக் கூடத்துக்கு வந்தால் முற்றம்தான் ஒரே வெளிச்சம். அது மேலிருந்து இறங்கித் தரையில் பட்டுச் சுவருக்கு வருகிறது. முற்றத்தை ஒட்டிய சுவர் பளிச்சென்று இருக்கும், தாழ்வாரத்துக்கு உள்ளே தள்ளியிருக்கும் சுவர் இருண்டிருக்கும், ஒரே டப்பா பெயிண்ட் இரண்டு நிறமாகத் தெரியும். இந்த இருட்டான சுவருக்காக எல்லோரும் மிக மிக வெளுப்பான பீஜைத் தேடுகிறார்கள். வெளுப்பு வெளிச்சத்தை உண்டாக்காது, வருகிற வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்பும். வருவதே குறைவாக இருக்கும் இடத்தில் ரொம்ப வெளுத்த பீஜ் சாம்பலாகத்தான் தெரியும். அங்கே மஞ்சள் நன்றாகத் தெரிகிற, வெளுப்பாகவும் இருக்கிற சந்தன வகையை அடித்தால் கூடம் இதமாக இருக்கும்.

இன்னொன்று. குரங்குக்காகவும் மழைக்காகவும் முற்றத்துக்கு மேலே கம்பி போட்டு ஷீட் வேய்ந்த வீடுகள் இப்போது நிறைய. அந்த ஷீட் பச்சையாகவோ நீலமாகவோ இருந்தால், கீழே என்ன பீஜ் அடித்தாலும் பயனில்லை, வீடு முழுக்க அந்த நிறம்தான் இருக்கும். பெயிண்டுக்குச் செலவு செய்வதற்கு முன்னால் நிறமற்ற ஷீட்டாக மாற்றுங்கள்.

ஊருக்கு வெளியே, வயலைப் பார்த்துக் கட்டிய வீடுகளில் ஒரு தனிச் சங்கதி உண்டு. ஜூன் 12-இல் மேட்டூர் திறந்த வருஷம் என்றால் குறுவை, அப்புறம் சம்பா, தாளடி என்று தை வரைக்கும் ஜன்னலுக்கு வெளியே பச்சைதான். வயலில் பட்ட வெயில் கீழிருந்து மேலாக ஜன்னல் வழியே நுழைந்து, கூரையிலும் எதிர்ச் சுவரின் மேல்பகுதியிலும் விழுகிறது, அதில் பச்சை கலந்திருக்கும். ஜன்னலை ஒட்டி வாழையோ முருங்கையோ நின்றால் இது இன்னும் கூடும். அறுவடை ஆகி, தாளுக்கு இடையில் உளுந்தும் பயறும் முளைத்துக் கிடக்கும் மாசி, பங்குனியில் அதே அறை வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும். பச்சை ஏறும் அறைக்குப் பச்சை தட்டும் பீஜ் ஆகவே ஆகாது, சுவர் நோய் பிடித்தது போலாகிவிடும். இங்கே லேசான ரோஸ் சாயல் உதவும், வெளியிலிருந்து வரும் பச்சையை அது அடக்கும். சிவப்புத் தரையும் இருந்து, வெளியே வயலும் இருந்தால்? இரண்டும் ஓரளவு ஒன்றை ஒன்று அடக்கிக்கொள்ளும், எந்தப் பக்கமும் அதிகம் சாயாத வெறும் மஞ்சள் பீஜ் போதும்.

ராத்திரி விளக்கு

சுவரை நாம் அதிகம் பார்ப்பது வேலையெல்லாம் முடித்து உட்காரும் சாயங்காலத்துக்கு மேல்தான், ஆனால் கார்டை மட்டும் பகலில் பார்த்து முடிவு செய்கிறோம். எல்இடி டியூப் வாங்கும்போது அட்டையில் 6500 கெல்வின் என்றோ 3000 கெல்வின் என்றோ போட்டிருக்கும். எண் கூடக் கூட வெளிச்சம் நீலப்பக்கம் போகும், குறையக் குறைய மஞ்சள் பக்கம் வரும். நம் பக்கத்து வீடுகளில் பெரும்பாலும் தொங்குவது 6500. அந்த நீல வெள்ளையில் மஞ்சள் பீஜ் சோகை பிடித்தும் பச்சையாகவும் தெரியும், ரோஸ் பீஜ் லேசான ஊதாவுக்குப் போகும். 3000-இல் எல்லா பீஜும் மஞ்சளாகி ஒன்றுபோல் தெரியும். நடுவில் 4000 என்று ஒன்று கிடைக்கிறது, பீஜ் சுவருக்கு அதைத்தான் நான் சொல்வேன், படிக்கவும் கூடும், நிறமும் அதிகம் மாறாது. விளக்கை முதலில் முடிவு செய்துவிட்டு, அந்த விளக்கின் கீழேயே நிறத்தைப் பாருங்கள். சுவருக்கு அடித்த பிறகு டியூபை மாற்றினால் நிறத்தையும் மாற்றியதாகத்தான் அர்த்தம்.

எவ்வளவு வெளுப்பு

ஒரு நிறம் விழுகிற வெளிச்சத்தில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்பதற்கு எல்ஆர்வி என்று ஓர் எண் உண்டு. 0 என்றால் முழுக்கறுப்பு, 100 என்றால் முழுவெள்ளை. சில கம்பெனிகள் ஷேட் எண்ணோடு இதையும் கொடுக்கின்றன. ஹால் சுவருக்கு 60-லிருந்து 75-க்குள் இருக்கும் பீஜ் சரியாக இருக்கும். வெயில் நேராக விழும் ஹாலில் 75-க்கு மேல் போனால் பகலில் பீஜ் வெளிறி வெறும் வெள்ளையாகத் தெரியும், கண் கூசும். 50-க்குக் கீழே போனால் அது பீஜ் இல்லை, பழுப்பு.

கார்டில் பார்க்கும் கட்டம் விரல் அளவு. அதே நிறம் நான்கு சுவரிலும் ஏறும்போது ஒரு சுவரின் நிறம் எதிர்ச் சுவரில் பட்டு, அது திரும்ப இதில் பட்டு, நிறம் கூடிக்கொண்டே போகும். அதனால் பட்டையில் உங்களுக்குப் பிடித்த கட்டத்துக்கு ஒரு படி வெளுப்பான கட்டத்தை எடுங்கள்.

அடித்துப் பார்க்காமல் முடிவு செய்யாதீர்கள்

இந்த ஒன்றைச் செய்தால் மேலே சொன்னதில் பாதியை மறந்துவிட்டாலும் பரவாயில்லை. சந்தேகத்தில் இருக்கும் இரண்டு மூன்று நிறங்களில் சின்ன டப்பா வாங்குங்கள். கெட்டி அட்டையோ ப்ளைவுட் துண்டோ எடுத்து, 2 அடிக்கு 2 அடி, வெள்ளை பிரைமர் (பெயிண்டுக்கு அடியில் போடும் முதல் பூச்சு) அடித்து, அதன் மேல் இரண்டு கோட் அடித்துக் காயவிடுங்கள். ஈரத்தில் எமல்ஷன் (தண்ணீர் கலந்து அடிக்கும் பெயிண்ட்) கொஞ்சம் வெளுப்பாகத் தெரியும், காய்ந்தால் அடரும், அதனால் நன்றாகக் காய்ந்த பிறகே பார்க்க வேண்டும். ஓரத்தில் விரற்கடை அளவு வெள்ளை விட்டுவிடுங்கள். பழைய சுவரிலேயே நேரடியாக அடித்துப் பார்த்தால் பழைய நிறம் சுற்றிலும் இருந்து கண்ணை ஏமாற்றும். அட்டை என்றால் கையில் எடுத்துக்கொண்டு நடக்கலாம்: ஜன்னலுக்கு எதிர்ச் சுவர், ஜன்னலை ஒட்டிய சுவர், தரையை ஒட்டி, டியூப்லைட்டுக்குக் கீழே, சோபாவுக்குப் பின்னால். காலை, நண்பகல், சாயங்காலம், ராத்திரி என்று ஒரு முழு நாள் அது வீட்டில் இருக்கட்டும். அட்டையைப் படுக்க வைத்துப் பார்க்காதீர்கள், சுவர் நிற்கிறது, அட்டையும் நிற்க வேண்டும்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் காட்டுங்கள். எந்த ஷேட், எந்தக் கம்பெனி என்று சொல்லாமல் காட்டினால், "அம்மா, இது என்ன கலராத் தெரியுது?" என்று கேட்டால், வரும் பதில் நேர்மையாக இருக்கும். "ரோஸா இருக்குடா" என்று சொன்னால் அந்தச் சுவர் ரோஸ்தான்.

கூரை, கதவு, படம்

கூரைக்குப் பால் வெள்ளை அடித்துவிட்டுச் சுவருக்கு பீஜ் அடித்தால், அந்தத் தூய வெள்ளைக்குப் பக்கத்தில் பீஜ் மங்கலாகத் தெரிகிறது. சுவருக்கு எடுத்த பட்டையிலேயே மிக வெளுப்பான கட்டத்தைக் கூரைக்கு வைத்தால் இரண்டும் இணங்கும். தேக்குக் கதவும் நிலையும் பாலிஷ் போட்டால் ஆரஞ்சு கலந்த பழுப்பு, அதற்குப் பக்கத்தில் ரோஸ் பீஜ் வேண்டாம், மஞ்சளோ சாம்பலோ சாய்ந்தது இருக்கட்டும்.

தஞ்சாவூர் ஓவியம் மாட்டியிருக்கும் சுவருக்கு இன்னும் யோசிக்க வேண்டும். தங்க ரேக்கு ஒட்டிய படம் அது. சந்தன மஞ்சள் சுவரில் மாட்டினால் சுவரும் தங்கமும் ஒரே நிறக் குடும்பம் என்பதால் தங்கம் அடங்கிப்போகும். சாம்பல் சாய்ந்த பீஜில் மாட்டிப் பாருங்கள், தங்கமும் சிவப்பும் பச்சையும் முன்னால் வந்து நிற்கும். அந்த ஒரு படத்துக்காகவே ஹாலின் நிறத்தை முடிவு செய்தால்கூடத் தப்பில்லை என்பேன்.

பளபளப்பும் எண்ணெய்க் கறையும்

பளபளப்பு கூடினால் கழுவுவது சுலபம், ஆனால் சுவரைச் சமமாக்கப் பூசும் பட்டி வேலையில் உள்ள மேடு பள்ளமெல்லாம் ஜன்னல் வெளிச்சத்தில் தெரியும். பளபளப்பே இல்லாத மேட் என்றால் மேடு பள்ளம் மறையும், ஆனால் கறை போகாது. பீஜ் சுவரில் நம் வீடுகளில் முதலில் விழும் கறை தலை எண்ணெய்தான். சோபாவுக்கோ சாய்வு நாற்காலிக்கோ பின்னால், தலை படும் உயரத்தில், வட்டமாக ஒரு கருமஞ்சள். அதனால் ஹாலுக்கு லேசான பளபளப்புள்ள, கழுவக்கூடிய எமல்ஷனாக வாங்குங்கள், பட்டியை நன்றாகத் தேய்க்கச் சொல்லுங்கள். டிஸ்டெம்பர் விலை குறைவுதான், ஈரத் துணி பட்டால் நிறமும் சேர்ந்து வந்துவிடும்.

எப்போது அடிப்பது

ஐப்பசி, கார்த்திகை மழையில் நனைந்த சுவர் மார்கழியில் காய்ந்திருக்காது, ஆனால் பொங்கலுக்கு முடிக்க வேண்டும் என்று அப்போதுதான் எல்லோரும் பெயிண்டரைக் கூப்பிடுகிறோம். ஈரச் சுவரில் அடித்தால் கொப்புளம் விடும், ஈரம் இருக்கும் இடம் மட்டும் கருத்துத் திட்டுத்திட்டாகத் தெரியும், பீஜில் அது நன்றாகவே தெரியும். ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் நாலு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் கழித்துப் பாருங்கள், சுவர்ப் பக்கம் நீர் முத்து கோத்திருந்தால் இன்னும் காத்திருக்க வேண்டும். மாசி முதல் ஆனிவரை நல்ல காலம். புதுப் பூச்சு என்றால் தண்ணீர் விட்டு நீராற்றி, பூசி குறைந்தது 28 நாளாவது ஆகி, நன்றாகக் காய்ந்த பிறகே பிரைமர்.

தரையிலிருந்து இரண்டு மூன்று அடி உயரம்வரை ஓதம் ஏறி உப்புப் பூக்கும் பழைய சுவர்கள் நம் பக்கத்தில் நிறைய. அதற்கு எந்த ஷேடும் மருந்தாகாது. சுண்ணாம்புப் பூச்சுள்ள பழைய சுவரில் பட்டியும் எமல்ஷனும் போட்டு மூடினால் உள்ளே இருக்கும் ஈரம் வெளியேற வழியில்லாமல் பூச்சையே உரித்துக்கொண்டு வரும். அந்தச் சுவருக்குச் சுண்ணாம்பே நல்லது, அதிலேயே கொஞ்சம் மஞ்சள் ஆக்சைடு கலந்தால் அருமையான சந்தன நிறம் வரும்.

எவ்வளவு வாங்குவது

12 அடிக்கு 15 அடி ஹால், 10 அடி உயரம் என்றால் சுற்றளவு 54 அடி, சுவர்ப் பரப்பு 540 சதுர அடி. கதவு ஜன்னலுக்கு 90 கழித்தால் 450. ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்பது பெயிண்டுக்குப் பெயிண்ட் மாறும், கம்பெனியே சொல்லியிருக்கும். இரண்டு கோட்டுக்கு 100 என்று வைத்தால் நாலரை லிட்டர் ஆகிறது, 4 லிட்டர் ஒன்று, 1 லிட்டர் ஒன்று வாங்கலாம். எல்லாவற்றையும் ஒரே நாளில், ஒரே மெஷினில் கலந்து வாங்குங்கள், ஏனென்றால் பீஜில் சாயம் துளிக்கணக்கு, அடுத்த முறை கலக்கும்போது கொஞ்சம் மாறினாலும் சுவரில் கோடு போட்டுக் காட்டும். வீட்டுக்கு வந்ததும் இரண்டு டப்பாவையும் ஒரே பெரிய வாளியில் ஊற்றிக் கலக்கிவிட்டு அடிக்கச் சொல்லுங்கள்.

மீதமாகும் பெயிண்டைத் தூக்கிப் போடாமல் சின்ன டப்பாவில் காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். கம்பெனி, ஷேட் எண், எந்த பேஸ், என்ன பளபளப்பு, அடித்த மாதம் இவை ஐந்தையும் ஒரு தாளில் எழுதி மெயின் சுவிட்ச் பெட்டிக் கதவின் உட்பக்கம் ஒட்டிவிடுங்கள். அடுத்த தடவை ஆணி அடித்த ஓட்டையை மூடும்போது தேவைப்படும்.